பொத்தான் குட்டைக் கல்

சுரபாயா
4 செப்டம்பர் 1994

அன்புள்ள அப்பாவுக்கு ரம்லாவின் ஸலாம்.

இங்கே நானும் அவரும் சுகம். உங்கள் கால் எப்படி இருக்கிறது? முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி கொஞ்சமாவது திரும்பியதா? நர்ஸ் கொடுத்த தைலத்தைக் காலில் தேய்க்கிறீர்களா, அல்லது கோழிக்குத் தேய்த்துவிட்டீர்களா? சனுசி அண்ணன் இதை வாசிக்கும்போது உங்கள் முகம் போகும் போக்கு எனக்கு இங்கேயே தெரிகிறது.

ஒரு காரியமாக எழுதுகிறேன். பிப்ரவரியில் திறக்கப்போகிற ஒரு பெரிய சாப்பாட்டுக் கடையில், சுவர் நீளத்துக்குக் கடல்நீர்த் தொட்டி வைத்துத்தரச் சொல்லி அவரிடம் கேட்டிருக்கிறார்கள். சும்மா மீன்தொட்டி இல்லை. நம் தீவுக்கு முன்னால் இருக்கிற பவளத்திட்டை வெட்டி எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்ததுபோல் இருக்க வேண்டுமாம். இதைச் சரியாகச் செய்துவிட்டால் எங்கள் மீன்தொட்டிக் கடை நிலைத்துவிடும். கெட்டுப்போனால், அவர் திரும்பவும் தம்பியின் பட்டறையில் கூலிக்குப் போக வேண்டியதுதான். வாய்விட்டுச் சொல்ல மாட்டார். எனக்குத் தெரியும்.

தொட்டி நிறைய உயிருள்ள பாறை, அதாவது பாசியும் சிற்றுயிரும் ஒட்டி வளர்கிற பாறை, வாங்கக் கட்டாது. அடியில் காய்ந்த பாறையை அடுக்கி, மேலே நாலைந்து உயிருள்ள துண்டுகளை வைத்தால் போதும், உயிர் தானாகக் கீழே இறங்கிப் பரவும். அந்த அடிப்பாறை இங்கே கிடைக்கிறது, ஆனால் மலையில் வெட்டியது. இரும்புக் கனம், ஒரு ஓட்டை கிடையாது. "உங்கப்பா கடலுக்கடியில முப்பது வருஷம் நடந்த மனுஷன், அவருக்குத் தெரியாத கல்லா?" என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. எந்தக் கல் நல்லது என்று சொல்லுங்கள் அப்பா. அண்ணன் பொறுக்கி அனுப்பினால் அவனுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுகிறோம்.

உங்கள் துஆவை வேண்டும்,
ரம்லா

*

லங்கோரா தீவு
18 செப்டம்பர் 1994

ரம்லாவுக்கும் மாப்பிள்ளை சுகெங்குக்கும் அப்பா டாயெங் லுராங் சொல்ல, சனுசி எழுதுவது. ஸலாம்.

நான் சுகம். கால் பழையபடிதான். ஆழத்தில் முக்குளித்து அவசரமாக மேலே வந்தவன் காலைக் கடல் வைத்துக்கொள்ளும், அது எந்தத் தைலத்துக்கும் திருப்பித் தராது. கோழிக்குத் தேய்க்கவில்லை.

கல் விஷயம். மாப்பிள்ளையிடம் இதை அப்படியே சொல். மேற்குக் கரையில் அலை ஒதுக்கிய கல்மேடு இருக்கிறதே, நீ சிறுமியாக இருந்தபோது செருப்பைத் தொலைத்துவிட்டு மூன்று நாள் என்னிடம் மறைத்த இடம், அங்கேயுள்ள கல்தான் கல். முப்பது நாற்பது வருஷ வெயிலும் மழையும் குடித்தது. கல்லை ஒரு கையால் தூக்க வேண்டும். கண்ணுக்குப் பெரிதாகவும் கைக்கு லேசாகவும் இருக்க வேண்டும். இரண்டை மோதினால் சட்டி தட்டினாற்போல் ஓசை வர வேண்டும். 'தொப்' என்றால் உள்ளே சேறு. மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது உருண்டு ஓடக்கூடாது, குடித்துவிட வேண்டும். முகர்ந்தால் ஒன்றுமே மணக்கக்கூடாது. மீன்வாடையும் கூடாது, கடல்வாடையும் கூடாது. உருண்டைக் கல் வேண்டாம், கிளைகிளையாக இருப்பதை எடு, அடுக்கும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவுதான். மூட்டைகளைச் சனுசி பார்த்துக்கொள்வான்.

எல்லோரும் நலமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக.
அப்பா

*

சுரபாயா
9 அக்டோபர் 1994

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸலாம். முதல் மூன்று மூட்டையும் வந்து சேர்ந்தன. நீங்கள் சுகமாக இருப்பதாக அண்ணன் துண்டுச்சீட்டில் எழுதியிருந்தான், சந்தோஷம்.

நீங்கள் சொன்னபடி ஒவ்வொன்றையும் கையில் தூக்கி, மோதி, தண்ணீர் விட்டுப் பார்த்தோம். அவர் காதில் வைத்து மோதிமோதிப் பார்த்ததில் பக்கத்து வீட்டு அம்மாள், "என்ன சுகெங், கல்லுகிட்ட ஜோசியம் கேக்குறியா?" என்று கேட்டுவிட்டார். "ஆமாங்க, நான் எப்போ பணக்காரன் ஆவேன்னு கேக்குறேன், அது டொக்குன்னு சொல்லுது" என்றார் இவர்.

கல் லேசாகத்தான் இருக்கிறது, ஓட்டையும் நிறைய. ஆனால் சிலவற்றில் பழுப்பாகப் பொருக்கு ஒட்டியிருக்கிறது. சட்டைப் பொத்தான்களை வரிசையாகத் தைத்துக் காயவிட்டதுபோல. கொஞ்சம் மணமும் இருக்கிறது. நீங்கள் மணமே இருக்காது என்றீர்கள். இது என்ன அப்பா? பரவாயில்லையா? நான் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தேன். விரல் நுனி ஒரு நாள் முழுக்க மரத்துப்போயிற்று. ரொம்ப நேரம் தண்ணீரில் கை வைத்ததால் இருக்கும்.

உங்கள் பதில் பார்த்துவிட்டு, இன்னும் பன்னிரண்டு மூட்டை கேட்கலாம் என்று இருக்கிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
ரம்லா

*

லங்கோரா தீவு
27 அக்டோபர் 1994

ரம்லாவுக்கு அப்பா சொல்ல, சனுசி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு மறு எழுத்து எழுதவும். கடிதம் வந்தது. கல் பிடித்திருப்பதாக எழுதியது சந்தோஷம். பழுப்பாக இருப்பது பாசிதான், பயப்பட ஒன்றுமில்லை. பன்னிரண்டு மூட்டையும் மழைக்காற்றுக்கு முன் கப்பலில் ஏற்றிவிடுகிறேன்.

மாப்பிள்ளை அடுக்கும்போது நடுவில் குகை விடச் சொல். கல்லுக்குப் பின்னால் தண்ணீர் ஓடாமல் நின்றால் தொட்டி அழுகும். இதை மறக்காதே என்று அப்பா இரண்டு தரம் சொன்னார்.

அப்பா

*

சுரபாயா
25 நவம்பர் 1994

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸலாம். நலம், நலமறிய ஆவல். பன்னிரண்டு மூட்டையும் வந்தன. முன்பு வந்ததைவிட இதில் பொத்தான் பொருக்கு அதிகம். ஈரமும் இருக்கிறது. முற்றத்தில் பரப்பினோம், இங்கே மழை பிடித்துக்கொண்டது. வெயில் என்பதே இல்லை. தெரு முழுக்க மணம். பின்வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அம்மா, உங்க வீட்ல யாரும் செத்துக் கித்துப் போயிடலையே?" என்று கேட்டார். சிரித்தோம். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

ஜனவரி கடைசிக்குள் பாறையை அடுக்கியாக வேண்டும். வேகவைத்துவிட்டால் மணமும் பொருக்கும் ஒரே நாளில் போய்விடும் என்று கடைக்கு வருகிற ஒருவர் சொன்னாராம். சோத்தோ சூப் விற்கிறவரிடம் பெரிய அண்டா வாடகைக்குக் கிடைக்கும். எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. உங்களைக் கேட்காமல் செய்ய வேண்டாம் என்று அவரை நிறுத்தி வைத்திருக்கிறேன். "கல்லு அவிக்கிறதுக்கும் மாமனார் சம்மதமா? நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு நாள் ஆகலையே" என்கிறார். என்ன சொல்கிறீர்கள் அப்பா? நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

ரம்லா

*

லங்கோரா தீவு
12 டிசம்பர் 1994

தங்கை ரம்லாவுக்கு அண்ணன் சனுசி எழுதுவது.

ஸலாம். அப்பாவுக்கு ஜலதோஷம், தூங்குகிறார். அதனால் நானே எழுதுகிறேன். கவலைப்படும்படி ஒன்றும் இல்லை. படகு கிளம்பப்போகிறது, இனி எப்போது என்று தெரியாது, மேற்குக் காற்று ஆரம்பித்துவிட்டது.

கல்லை வேகவைக்கலாம். வேகவைத்தால் சுத்தமாகிவிடும். அப்பாவுக்கும் அதே அபிப்பிராயம்தான். பழைய ஆட்கள் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார்கள், அதையெல்லாம் இந்தக் காலத்தில் பார்க்க முடியாது.

மூட்டைக்குச் சொன்னதை அனுப்பியதற்கு நன்றி. படகுக்கு எஞ்சின் வாங்கியிருக்கிறேன்.

சனுசி

*

லங்கோரா தீவு
9 ஜனவரி 1995

என் மகள் ரம்லாவுக்கு அப்பா.

இதை எழுதுவது சனுசி இல்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் யுலியானா எழுதுகிறாள். நான் சொல்வதை எழுதி, எழுதியதை எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டுகிறாள். சுக விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். முதலில் இதைக் கேள். அந்தக் கல்லை வேகவைக்காதே. சூடுகாட்டாதே. வெந்நீர்கூட ஊற்றாதே. இனித் தேய்க்கவும் வேண்டாம்.

போன வெள்ளிக்கிழமை சனுசி வீட்டு ஆடு செத்தது. பாம்பு என்றான். ஆட்டின் உடம்பில் பல் பட்ட இடம் இல்லை. மூட்டை கட்டுவதற்கு முன் கல் ஊறப்போட்ட தொட்டியில் பழைய தண்ணீர் கிடந்தது, அதைக் குடித்திருக்கிறது. நான் அந்தத் தொட்டியைக் கவிழ்க்கச் சொன்னேன். கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவன் நாக்கைச் சப்பிக்கொண்டே இருந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லப்பா. வாய்ல செப்புக்காசு வச்ச மாதிரி இருக்கு. கல்லு வேலை பாக்குறப்பல்லாம் இப்படித்தான், ரெண்டு நாள்ல போயிடும்."

இந்த வார்த்தையை நான் முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறேன். அப்போது வெற்றிலைச் சுண்ணாம்புக்குக் கல் சுடும் சூளை வடக்குமுனையில் இருந்தது. கல்மேட்டுக்குப் போகச் சோம்பல்பட்டு, பக்கத்தில் இருந்த பொத்தான் குட்டையிலிருந்து காயாத கல்லை உடைத்து ஈரத்தோடு சூளையில் அடுக்கினார்கள். பாறை மேலே பழுப்புப் பொத்தான் பொத்தானாக உயிர் முளைத்திருக்கும் குட்டை அது. சூளையிலிருந்து முதலில் எழுந்தது புகை இல்லை, வெள்ளை ஆவி. டாயெங் ங்கெம்பா, அவன் மைத்துனன், இன்னும் இரண்டு பேர், நாலு பேரும் காற்று அந்த ஆவியைக் கொண்டுபோகிற பக்கம் உட்கார்ந்து சீட்டு விளையாடினார்கள். சாயங்காலம் ங்கெம்பா, "யாருடா என் வாய்ல காசைப் போட்டது?" என்று கேட்டுச் சிரித்தான். விடிவதற்குள் அவனும் மைத்துனனும் மூச்சுக்குத் தவித்துப் போய்விட்டார்கள். மற்ற இருவரும் பிழைத்தார்கள், ஆனால் அதற்குப் பிறகு துடுப்புப் பிடிக்கவில்லை. அன்று முதல் லங்கோராவில் அந்தக் குட்டைக் கல்லை ஒருவனும் அடுப்புப் பக்கம் கொண்டுபோனதில்லை.

இதையெல்லாம் நான் செப்டம்பரிலேயே உனக்குச் சொன்னேன். சனுசி எதிரே உட்கார்ந்து எழுதினான், பேனா ஓடுகிற சத்தமும் கேட்டது. "இவ்வளவுதான்" என்று நான் சொல்லவேயில்லை. கல்மேட்டுக் கல் மட்டும், பொத்தான் குட்டைக் கல் வேண்டாம், எந்தக் கல்லானாலும் தீயில் காட்டாதே என்று முடித்தேன்.

ஆடு செத்த மறுநாள், உன் கடிதங்களை வைத்திருக்கிற பிஸ்கட் டப்பாவை யுலியானாவிடம் கொடுத்தேன். அவள் வாசிக்க வாசிக்க, நான் கேட்டேயிராத வரிகள் வந்தன. பொத்தான் என்று நீ எழுதியது. விரல் மரத்துப்போனது. அண்டா. "டாயெங், இவங்க உங்ககிட்ட கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்காங்க, நீங்க ஒண்ணுமே சொல்லலையா?" என்று கேட்டாள். உன் கேள்வி எனக்கு வரவேயில்லை அம்மா.

சனுசியைக் கேட்டேன். கல்மேட்டைப் போன வருஷமே புதுத் துறைமேடைக்கு வாரிக்கொண்டு போய்விட்டார்களாம். என்னால் நடக்க முடியாததால் எனக்குத் தெரியவில்லை. "அந்தக் காலத்துக் கதைக்குப் பயந்துகிட்டு வந்த வேலைய விட முடியுமாப்பா? பத்து நாள் கூரை மேல காயப்போட்டுத்தான் அனுப்பினேன்" என்றான். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

காற்று இரண்டு வாரமாக விடவில்லை. படகு போனதும் இந்தக் கடிதம் வரும். அதற்கு முன் ஆள் யாராவது மக்காஸாருக்குப் போகத் துணிந்தால் தந்தி அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் இருவரும் சுகமா? சுகம் என்று மட்டும் எழுது.
அப்பா

*

சுரபாயா
10 ஜனவரி 1995

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸலாம். அண்ணன் கடிதம் கிடைத்தது. உங்கள் ஜலதோஷம் தேவலையா? நீங்களும் சரி என்றதாக எழுதியிருந்தான், மனசு லேசாயிற்று. அண்டா வந்து அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறது. நான் உள்ளே இறங்கிக் குளிக்கலாம், அவ்வளவு பெரிது. நாளை புதன்கிழமை அவர் கடைக்குப் போனதும் ஆரம்பித்துவிடுவேன். முற்றத்தில் மழை நின்றபாடில்லை, அடுப்படியிலேயேதான் செய்ய வேண்டும். சாரல் அடிக்கிறது, ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டியதுதான்.

முடிந்ததும் தொட்டியைப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீங்கள் சொன்ன குகையும் வைக்கிறோம்.

ரம்லா

*

தந்தி
மக்காஸார், 13 ஜனவரி 1995

கல்லை வேகவைக்காதே. அடுப்பு மூட்டியிருந்தால் வீட்டைவிட்டு வெளியே போ. அப்பா.

*

சுரபாயா
20 ஜனவரி 1995

மதிப்புக்குரிய மாமாவுக்கு சுகெங்கின் ஸலாம்.

மாமா, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ரம்லா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். போன வாரம் புதன்கிழமை மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது அடுப்படி முழுக்க ஆவி. அவள் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். "ஒண்ணுமில்ல, தலை சுத்துது, வாயெல்லாம் கசக்குது, நீங்க சாப்பிடுங்க" என்றாள். எனக்குத் தட்டில் சோறு போட எழுந்தாள், கால் நிற்கவில்லை. மூச்சு முட்டியது. ராத்திரிக்குள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் வைத்துவிட்டார்கள். எனக்கும் இரண்டு நாள் காய்ச்சல், இப்போது இல்லை.

அண்டாவில் என்ன இருந்தது என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வெறும் கல் என்றேன். நம்பவில்லை. உங்கள் தந்தி போன வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வந்தது. உங்களுக்குத் தெரியும் போலிருக்கிறது. எது என்னவென்று எழுதுங்கள் மாமா, அவர்களுக்கு அது வேண்டும்.

நினைவு வருகிறது, போகிறது. வரும்போது உங்களைத்தான் கேட்கிறாள். இதயம் சரியாக அடிக்கவில்லை என்கிறார்கள், எத்தனை நாள் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள். காற்று எப்படியிருந்தாலும் புறப்பட்டு வாருங்கள். அண்ணனைக் கூட்டிவரச் சொல்லுங்கள்.

சுகெங்

*

மக்காஸார் துறைமுகம்
2 பிப்ரவரி 1995

மாப்பிள்ளை சுகெங்குக்கு டாயெங் லுராங்.

ஸலாம். தபாலாபீஸ் வாசலில் மனு எழுதிக்கொடுக்கிற ஆள் இதை எழுதுகிறார். முன்பின் தெரியாதவர். உன் கடிதத்தை எனக்கு ஒரே ஒரு தரம் வாசித்தார்.

கடிதம் தீவுக்கு வந்த அன்று யுலியானா இல்லை, தன் ஊரில் சாவு என்று மலைப்பக்கம் போயிருந்தாள். சனுசியைத்தான் வாசிக்கச் சொன்னேன். காகிதத்தை விரித்துக் கடைசி வரி வரை கண்ணை ஓட்டினான்.

"ரம்லா நல்லாருக்கா. லேசா இருமலாம்" என்றான்.

"இன்னொரு தரம் வாசி."

"ரம்லாவும் மாப்பிள்ளையும் நல்லாருக்காங்க. தொட்டி வேலை நடக்குது."

"இன்னொரு தரம்."

"காய்ச்சல் வந்துச்சாம், போயிடுச்சாம். வாசிச்சாச்சேப்பா."

"இன்னொரு தரம்டா."

"கடல் மோசம், அப்பா வர வேணாம்னு எழுதிருக்கார்."

எனக்கு எழுத்துத் தெரியாது மாப்பிள்ளை. ஆனால் எழுதிய காகிதம் நாலு தரம் வாசித்தால் நாலு மாதிரி பேசாது என்று தெரியும். அவன் சொன்ன நாலையும் வரிசை மாறாமல் அவனுக்கே திருப்பிச் சொன்னேன். காகிதத்தை என் மடியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். விடிந்ததும் வந்து முதுகைக் காட்டிக் குனிந்தான். அவன்தான் என்னைச் சுமந்து தண்ணீரில் இறங்கிப் படகில் ஏற்றினான். எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை. கூட வருகிறேன் என்றும் சொல்லவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

டாக்டரிடம் சொல்: பவளப்பாறை மேல் பொத்தான் பொத்தானாக முளைக்கிற பழுப்பு உயிர். காய்ந்தாலும் அதன் விஷம் சாகாது. தண்ணீர் கொதித்தால் ஆவியோடு எழும்பும். லங்கோராவில் ஐம்பத்தேழாம் வருஷம் இதில் இரண்டு பேர் செத்தார்கள், இரண்டு பேர் பிழைத்தார்கள். பிழைத்ததையும் சேர்த்துச் சொல். மீதிக் கல்லைக் கையால் தொடாதே, அண்டாவை அந்த ஆளுக்குத் திருப்பிக் கொடுக்காதே. தண்ணீரைத் தெருச் சாக்கடையில் ஊற்றாதே, பிள்ளைகள் விளையாடும்.

எனக்குக் கப்பல் ஞாயிற்றுக்கிழமைதான். இந்தக் காகிதம் விமானத்தில் எனக்கு முன்னால் வந்துவிடும் என்கிறார் இவர். அதனால்தான் எழுதச் சொன்னேன். கீழே இருப்பது ரம்லாவுக்கு. அவள் கண் திறக்கும்போது காதருகில் குனிந்து வாசி.

ரம்லா, அப்பா புறப்பட்டுவிட்டேன். உன் கேள்வி எனக்கு வந்து சேர்ந்தது, வேகவைக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். நான் செப்டம்பரிலேயே சொன்னேன், உன்னிடம் வரவில்லை. நீ கேட்காமல் செய்தாய் என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்காதே. நீ கேட்டாய்.

அவ்வளவுதான் மாப்பிள்ளை. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நீயாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்காதே. இதில் இருப்பதை மட்டும், இருக்கிறபடியே வாசி.

டாயெங் லுராங்
(கைநாட்டு)